வானொலிச் செய்தியும் நடுவுநிலையும்: 1926 ஆம் ஆண்டு இங்கிலாந்து தரும் சான்று

பொதுமக்களின் பணத்தில் நடத்தப்பெறும் வானொலி நிலையம் ஒன்று அரசியற் செய்திகளை ஒருபாற் கோடாது எடுத்துரைக்க வல்லதோ என்னும் வினா, வானொலி தோன்றிய காலந்தொட்டே எழுப்பப்பெற்று வருவதாகும். இதற்கு நிலையத்தார் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு. ஆளுங் கட்சியினரும் எங்களைக் குறை கூறுகின்றனர். எதிர்க்கட்சியினரும் குறை கூறுகின்றனர். ஆதலின் நாங்கள் நடுவில் நிற்கின்றோம் என்பதே அது. கேட்பதற்கு இனிதாயினும் இவ்விடை வலிமையற்றது. இரு பக்கத்தாரும் ஏசுதலால் ஒருவன் நீதிமான் ஆகிவிடான். இரு பக்கத்தாருக்கும் தீங்கிழைத்தவனாகவும் அவன் இருத்தல் கூடும். இத்தகைய பொதுப்பட்ட வாதங்களால் பயன் சிறிதே. சான்றுகள் மலிந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்து ஆராய்தலே வரலாற்று மாணவனுக்கு உகந்த நெறியாகும். 1926 ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் பொதுவேலைநிறுத்தம் நடைபெற்ற ஒன்பது நாட்களில், பிரித்தானிய ஒலிபரப்பு நிலையம் நடந்துகொண்ட முறை அத்தகைய நிகழ்ச்சியாகும். அந்நாட்களில் அரசாங்கத்தார் எழுதிய குறிப்புக்களும், நிலையத்தின் தலைவர் தம் கையால் எழுதிய நாட்குறிப்பும் பின்னாளில் வெளிவந்தமையால், மேடையில் நடந்ததை மட்டுமன்றித் திரைக்குப் பின்னே நடந்ததையும் அறிதற்கு இயல்கின்றது.

இங்கிலாந்தின் ஒலிபரப்பு, அரசாங்கத் திணைக்களமாகத் தொடங்கியதன்று. வானொலிப் பெட்டி செய்து விற்ற நிறுவனங்கள் சில ஒன்றுகூடி 1922 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு கம்பனியை அமைத்தன; அடுத்த மாதமே ஒலிபரப்புத் தொடங்கிற்று. பெட்டி விற்க வேண்டுமாயின் கேட்பதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும் என்னும் வணிகர் கணக்கே அதன் பிறப்புக்குக் காரணம். (கொழும்பில் 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆந் திகதி ஒலிபரப்புத் தொடங்கியபொழுது, அது தந்தித் திணைக்களத்தின் பொறுப்பிலேயே இருந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது.) கேட்போர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 10 சிலிங் கட்டி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அப்பணத்தில் ஒரு பகுதி தபாற் பகுதியூடாகக் கம்பனிக்குச் சேரும். கம்பனியின் முகாமையாளராக 1922 டிசெம்பரில் நியமனம் பெற்றவர் ஜோன் றீத் என்னும் ஸ்கொத்லாந்தர், பொறியியல் பயின்றவர், பிரெஸ்பித்தேரியன் குருவானவர் ஒருவரின் மைந்தர். ஒலிபரப்பு என்பது மக்களைப் பயிற்றும் ஒரு திருப்பணி என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தது.

ஆயினும் செய்தித் துறையில் அக்கம்பனிக்கு இருந்த சுதந்திரம் மிகக் குறுகியதே. வானொலியைத் தம் பிழைப்புக்குப் பகையெனக் கண்ட பத்திரிகை முதலாளிமார், மாலை ஏழு மணிக்கு முன்னர்ச் செய்தி எதுவும் ஒலிபரப்பலாகாது என்று கட்டுப்படுத்தியிருந்தனர். ஒலிபரப்பும் செய்திகளும் றொய்ட்டர் முதலிய செய்தி நிறுவனங்கள் கொடுத்தவையே. கம்பனிக்கென நிருபர் படை இருந்திலது. அரசியற் கருத்து வேற்றுமைக்குரிய பொருள் எதனையும் ஒலிவாங்கியின் முன் பேசலாகாது என்பது தபால் மா அதிபரின் கட்டளை. இவற்றிற்கெல்லாம் மேலாக, நெருக்கடிக் காலத்தில் நிலையத்தை அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்னும் விதியும் அனுமதிப்பத்திரத்தில் அடங்கியிருந்தது. கம்பனியின் உரிமை 1926 டிசெம்பர் 31 உடன் முடிவடைய இருந்தது. அதன் பின் ஒலிபரப்பு ஒரு பொதுக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருத்தல் வேண்டுமெனக் குறோபோர்ட் குழு மார்ச்சு மாதத்தில் அறிக்கை சமர்ப்பித்திருந்தது. அரசாங்கத்தின் இறுதி முடிவு இன்னும் கூறப்படவில்லை. வேலைநிறுத்தம் மூண்டவேளை றீத் அவர்களின் நிலை, தீர்ப்பு எழுதப்படும் நாளில் நீதிபதியின் முன் நிற்பவன் நிலையை ஒத்திருந்தது என்பதை மறத்தலாகாது.

வேலைநிறுத்தத்தின் வரலாறு சுருக்கமாகக் கூறத்தக்கது. 1925 ஆம் ஆண்டு ஏப்ரிலில், அப்பொழுது நிதியமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில், பவுணைப் போருக்கு முந்திய விலையிற் பொன்னோடு மீண்டும் பிணைத்தார். அதனால் ஆங்கில நிலக்கரியின் விலை பிற நாட்டுச் சந்தைகளில் உயர்ந்தது. சுரங்க முதலாளிமார் கூலியைக் குறைக்கவும் வேலை நேரத்தைக் கூட்டவும் முற்பட்டனர். அரசாங்கம் ஒன்பது மாதம் உதவிப்பணம் கொடுத்துப் பூசலை ஒத்திவைத்தது. 1926 ஏப்ரில் முடிவில் அவ்வுதவி நின்றது. ஏறத்தாழப் பத்து இலட்சம் சுரங்கத் தொழிலாளர் கதவடைப்புக்குள்ளாயினர். அவர்களுக்குத் துணையாகத் தொழிற்சங்கக் காங்கிரஸ், புகைவண்டி, துறைமுகம், அச்சகம், இரும்பாலை முதலிய துறைகளிலுள்ளோரை மே 3 ஆந் திகதி நள்ளிரவு தொடக்கம் வேலையினின்றும் விலக்கிக்கொண்டது.

அச்சகத்தார் விலகியமையே ஒலிபரப்பின் வரலாற்றை மாற்றியமைத்தது. நாளேடுகள் பெரும்பாலும் நின்றுபோயின. சேர்ச்சில் தாமே ஆசிரியர் போன்றிருந்து 'பிரிட்டிஷ் கசற்' என்னும் அரசாங்கப் பத்திரிகையை நடத்தினார். தொழிற்சங்கத்தார் 'பிரிட்டிஷ் வேக்கர்' என்னும் தாளை வெளியிட்டனர். தொழிற்சங்கத் தாளுக்குக் கிடைக்கவேண்டிய காகிதத்தையும் அரசாங்கப் பத்திரிகைக்காகப் பறித்துக்கொண்டனர் என்பது அந்நாளைய நடுவுநிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு! இவ்விரு தாள்களும் கட்சிக் குரல்களே என்பதைச் சிறுவனும் அறிவான். ஆதலின் நாட்டு மக்கள் வானொலியை நோக்கித் திரும்பினர். அனுமதிப்பத்திரம் பெற்றோர் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர். பெட்டியில்லாதார் அயலவர் வீட்டிலும் கடை வாயில்களிலும் கூடிநின்று கேட்டனர். ஏழு மணிக் கட்டுப்பாடு தளர்ந்தது. காலை பத்து மணி தொடக்கம் இரவு வரை நாளொன்றுக்கு ஐந்து செய்தியறிக்கைகள் ஒலிபரப்பாயின. மாலையில் இசைக்கிடையே சிறிது செய்தி கூறிவந்த கம்பனி, ஓர் இரவுக்குள் நாடு முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே செவியாக மாறிற்று.

அமைச்சரவையில் இருவகைக் கருத்து நிலவியது. நிலையத்தை உடனே கைப்பற்றி, 'பிரிட்டிஷ் கசற்' போன்று அதனையும் அரசாங்கத்தின் ஊதுகுழலாக்க வேண்டுமென்பது சேர்ச்சில் முதலானோர் கொள்கை. பிரதம மந்திரி ஸ்ரான்லி போல்ட்வின் அதனை விரும்பிலர். அரசாங்கத்தின் செய்திப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஜே. சி. சி. டேவிட்சன் என்பாரும் றீத் அவர்களின் பக்கமே நின்றார். கைப்பற்றப்பட்ட நிலையத்தை எவரும் நம்பார். கைப்பற்றப்படாததெனத் தோன்றும் நிலையத்தையோ யாவரும் நம்புவர் என்பது இவ்விருவரின் கணிப்பு. இறுதியில், கைப்பற்றுவதில்லை என மே 11 ஆந் திகதி அமைச்சரவை தீர்மானித்தது. வேலைநிறுத்தம் முடிவதற்கு முதல் நாள் அது. அதுவரை நாள்தோறும், தலைக்குமேல் வாள் தொங்குவதை அறிந்துகொண்டே நிலையம் செய்தி கூறிற்று. அதன் செய்திப் பகுதியினரும் கடற்படை அலுவலகத்தில், டேவிட்சனின் ஆட்களுக்கு அண்மையிலேயே இருந்து அறிக்கைகளை ஆயத்தஞ் செய்தனர்.

இனி, ஒலிபரப்பியவை எவை, ஒலிபரப்பாதவை எவை என்று நோக்குதல் வேண்டும். நிலையத்தார் தொழிற்சங்கக் காங்கிரசின் அறிக்கைகளை முற்றாக மறைத்தாரல்லர். வேலைக்குத் திரும்பியோரைப் பற்றி மட்டுமன்றித் திரும்பாதோரைப் பற்றியுங் கூறினர். இத்துணையும் 'பிரிட்டிஷ் கசற்' செய்யாதது. வதந்திகள் பலவற்றைத் தடுத்த பெருமையும் அவர்களுக்குண்டு. பொய் கூறினர் என்னும் குற்றச்சாட்டுக்கு இடம் மிகச் சிறிதே.

ஆயின், பேச இடங்கொடுக்கப்பெற்றவர் யாவர்? மே 8 ஆந் திகதி இரவு பிரதம மந்திரி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அவ்வுரை ஒலிபரப்பப்பட்டது நிலையத்திலிருந்து அன்று. வெஸ்ற்மின்ஸ்ரரில் இருந்த றீத் அவர்களின் இல்லத்திலிருந்து. தாம் சமாதானத்தை நாடுபவர் என்னுங் கருத்தமைந்த இறுதிப் பகுதிக்கு வாசகம் உதவியவரும் றீத் அவர்களே. நடுவர் ஒருவர் ஆட்டக்காரருள் ஒருவருக்குத் தம் வீட்டில் விருந்தளித்து, ஆட்டத்திற்கும் நுணுக்கம் சொல்லிக்கொடுத்ததை இது நிகர்க்கும். எதிர்க்கட்சித் தலைவர் றாம்சே மக்டொனால்ட், முன்னாட் பிரதம மந்திரி, புரட்சிக்காரர் அல்லர், பொதுவேலைநிறுத்தத்தை உள்ளூர விரும்பாதவர். மே 10 ஆந் திகதி அவர் தாமும் பேச இடங் கேட்டார். றீத் அக்கோரிக்கையை அரசாங்கத்தாரிடம் அனுப்பினார், இடம் மறுக்கப்பட்டது. ஒன்பது நாட்களிலும் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரேனும் ஒலிவாங்கியின் முன் வந்தாரல்லர்.

இவற்றினும் பொருள் பொதிந்தது கன்ரபரி அதிமேற்றிராணியாரின் செய்தி பற்றிய நிகழ்ச்சியாகும். (அவர் பெயரும் டேவிட்சன் என்பதே, இருவரையும் ஒருவரென மயங்குதல் கூடாது.) மே 7 ஆந் திகதி அவர் ஏனைய திருச்சபைத் தலைவருடன் கூடி ஒரு வேண்டுகோளை ஆயத்தஞ் செய்தார். தொழிற்சங்கத்தார் வேலைநிறுத்தத்தைக் கைவிடுக. அரசாங்கம் நிலக்கரித் தொழிலுக்கான உதவிப்பணத்தைச் சிறிது காலத்துக்குப் புதுப்பிக்குக. முதலாளிமார் புதிய கூலி விகிதத்தை மீட்டுக்கொள்ளுக. இம்மூன்றும் ஒருங்கே நிகழ்க என்பது அதன் சாரம். நாட்டின் முதற் சமயத் தலைவர், கட்சி எதனையுஞ் சாராது விடுத்த வேண்டுகோள் அது. அதனையும் ஒலிபரப்ப றீத் அன்று இசைந்திலர். பிரதம மந்திரி அதனை விரும்பமாட்டார் என்று அவருக்கு உணர்த்தப்பட்டிருந்தது. ஒலிபரப்பினால் நிலையத்தைக் கைப்பற்ற விரும்பினோருக்கு அதுவே வாய்ப்பாகும் என அவர் அஞ்சினார். வேண்டுகோள் ஒலிபரப்பானது மே 11 ஆந் திகதி. வேலைநிறுத்தம் குலைந்துகொண்டிருந்த நாளில். நான்கு நாள் தாமதித்த செய்தியும் செய்தியே எனலாம். ஆனால் நெருப்பு அணைந்த பின் வந்த நீர் எவருக்கு உதவும்?

றீத் தம் செயலுக்குக் கூறிய நியாயங்கள் இரண்டு. நிலையம் மக்களுக்காக உள்ளது. அரசாங்கமும் மக்களுக்காக உள்ளது. ஆகவே இந்நெருக்கடியில் நிலையம் அரசாங்கத்தின் பக்கம் நிற்றல் வேண்டும் என்பது முதலாவது. அளவை நூலின் முதற் பாடங்களைக் கற்ற மாணவனும் இதன் வழுவைக் காண்பான். இரு பொருள்கள் மூன்றாவதொன்றிற்கு உரியனவாதல் பற்றியே அவை ஒன்றுக்கொன்று உரியன ஆகிவிடா. மேலும், இப்பூசலில் அரசாங்கம் மக்களுக்காக நின்றதா என்பதே அன்று தீர்க்கப்படாதிருந்த வினா. வினாவையே விடையாக வைத்து வாதிடுதல் முறையன்று. இரண்டாவது நியாயம் சற்று வலியது. உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் அஸ்ற்பரி இவ்வேலைநிறுத்தம் சட்டத்துக்கு மாறானது எனக் கூறிவிட்டமையால், அதனை நீடிக்கவோ நியாயப்படுத்தவோ கூடிய எதனையும் ஒலிபரப்புதற்கு இயலாதிருந்தது என வேலைநிறுத்தம் முடிந்தபின் தம் அலுவலர்க்கு அவர் எழுதினார். ஆனால் திகதிகளை நோக்குமிடத்து இந்நியாயமும் தளர்கின்றது. தீர்ப்பு வந்தது மே 11 இல். அதிமேற்றிராணியாரை மறுத்தது 7 இல். மக்டொனால்ட் அவர்கள் கேட்டது 10 இல். பாராளுமன்றத்தில் சேர் ஜோன் சைமன் 6 ஆந் திகதியே அவ்வாறு கூறியிருந்தாராயினும், உறுப்பினர் ஒருவரின் கருத்து நாட்டின் சட்டமாகாது. செயலுக்குப் பின்னே தேடிக்கொண்ட காரணம் இது எனக் கொள்வதே பொருந்தும்.

உண்மையில் றீத் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டவரல்லர். அமைச்சரவையின் தீர்மானத்தை அறிந்த அன்று, தங்களைக் கைப்பற்றவில்லை என்று சொல்லிக்கொள்ள அரசாங்கம் விரும்புகிறதென்றும், உண்மையான நடுவுநிலையில் தாங்கள் நிற்கமாட்டார்கள் என்று நம்பலாம் என்பதை அது அறியும் என்றும் தம் நாட்குறிப்பில் அவர் எழுதிவைத்தார். நிலையத்தின் பகைவர் எவரும் இதனிலும் கடுமையான தீர்ப்பு எழுதியதில்லை. தொழிற்கட்சி உறுப்பினரான எலன் வில்கின்சன் அம்மையார், நிலையத்தின் சொந்த இதழான 'றேடியோ ரைம்ஸ்' வாயிலாகவே இவ்வொருதலைப் போக்கைக் கண்டித்தார். எனினும் நிலையத்துக்கு வந்த கடிதங்களுள் மிகப் பெரும்பாலன பாராட்டாகவே இருந்தன. செய்தியின்றித் தவித்தவர்கள் செய்தி கொடுத்தவரை வாழ்த்தினர். விடுபட்டதைக் கேளாதவர்கள் விடுபட்டதற்காக எவ்வாறு முறையிடுவர்? பக்கச்சார்பின் வலிய வடிவம் இதுவே. கூறிய பொய்யைப் பிறிதொருவர் மறுக்கலாம். கூறாத உண்மைக்கு மறுப்பும் எழாது.

மே 12 ஆந் திகதி தொழிற்சங்கத் தலைவர்கள் பிரதம மந்திரியைக் கண்டு சரணடைந்தனர். ஒரு மணிச் செய்தியை றீத் தாமே வாசித்துக்கொண்டிருந்த வேளையில் அத்தகவல் அவர் கையிற் கொடுக்கப்பட்டது. அன்றிரவு மன்னரதும் பிரதம மந்திரியினதும் செய்திகளை வாசித்தபின், பிளேக் என்னும் புலவரின் 'ஜெருசலேம்' பாடலை இசையுடன் ஓதி நிகழ்ச்சியை அவர் நிறைவுசெய்தார். சுரங்கத் தொழிலாளருக்கோ அன்று எதுவும் நிறைவெய்தவில்லை. அவர்கள் தனித்து நின்று நவம்பர் வரை பட்டினி கிடந்து, பின் குறைந்த கூலிக்கும் கூடிய நேரத்துக்கும் தலைவணங்கினர். 1927 ஜனவரி முதலாந் திகதி அரச பட்டயத்தின் கீழ்ப் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. றீத் அதன் முதற் பணிப்பாளர் நாயகமும், அவ்வாண்டிலேயே சேர் பட்டம் பெற்றவரும் ஆனார்.

றீத் அவர்களுக்குச் சார்பாகக் கூறத்தக்கதும் ஒன்றுண்டு. அவர் அதிமேற்றிராணியாரின் செய்தியை ஒலிபரப்பியிருப்பின் நிலையம் சேர்ச்சிலின் கைக்குப் போயிருக்கலாம். கூட்டுத்தாபனமே தோன்றாமற் போயிருக்கலாம். வளைந்து பிழைத்தமையாலேயே பின்னொருநாள் நிமிர்ந்து நிற்க முடிந்தது என்பது அவர்தம் ஆதரவாளர் வாதம். இதனைச் சோதித்தறிதற்கு 1956 ஆம் ஆண்டு வரை செல்லவேண்டும்.

இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நிலைமை ஒரே சீராக இருந்திலது. கருத்து வேற்றுமைக்குரிய பொருள்களைப் பேசலாகாது என்ற தடை 1928 இல் நீங்கிற்று. 1930 களில் ஒலிவாங்கி தமக்கு மறுக்கப்படுகிறதெனக் குமுறியவர், முன்னர் அந்நிலையத்தைக் கைப்பற்றத் துடித்த அதே சேர்ச்சில்! இந்தியாவுக்குச் சுயாட்சி வழங்குவதை எதிர்த்த அவர் கருத்து, மூன்று கட்சித் தலைமைகளுக்கும் அன்று ஒவ்வாததாயிருந்தது. தொழிற்சங்கத்தாரையும் சேர்ச்சிலையும் ஒரே வாயில் தடுத்தது என்றால், அவ்வாயிலைக் காத்தது கட்சிப் பற்று என்று கூறுதல் அரிது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், பாராளுமன்றத்தில் அடுத்த பதினான்கு நாட்களுள் விவாதிக்கப்படவுள்ள பொருளைப் பற்றி வானொலியிற் கலந்துரையாடலாகாது என்ற வியத்தகு விதியும் சில காலம் நிலவி, 1957 இல் ஒழிந்தது.

1956 யூலை 26 ஆந் திகதி எகிப்தியத் தலைவர் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பனியை நாட்டுடைமையாக்கினார். பிரதம மந்திரி அந்தனி ஈடன் படைவலியை நாடினார். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தலைவராக அன்றிருந்த சேர் அலெக்சாந்தர் கடோகன், சூயஸ் கால்வாய்க் கம்பனியின் பணிப்பாளருள்ளும் ஒருவர் என்பது நம்புதற்கரியதாயினும் உண்மை. ஓகஸ்ட் மாதத்தில் ஈடனின் வற்புறுத்தலுக்கிணங்கி, ஒஸ்திரேலியப் பிரதம மந்திரி மென்சிஸ் அவர்களுக்கு அவர் இடமளித்தார். ஆயினும் நவம்பர் 3 ஆந் திகதி ஈடன் நாட்டுக்கு உரையாற்றியபின், எதிர்க்கட்சித் தலைவர் கெயிற்ஸ்கெல் மறுமொழி கூற இடங் கேட்டபொழுது அது மறுக்கப்படவில்லை. படையினர் கரையிறங்கும் தறுவாயில், மறுநாள் இரவே, பிரதம மந்திரி பதவி விலக வேண்டுமென அவர் வானொலியிற் கூறினார். பிற மொழிகளில், அரபு மொழியிலுங்கூட, ஒலிபரப்பான செய்திகளிலும் பத்திரிகைத் திரட்டுக்களிலும் நாடு இரண்டுபட்டிருந்தமை மறைக்கப்படவில்லை. சினங்கொண்ட அரசாங்கம் பிறநாட்டு ஒலிபரப்புக்கான மானியத்தைக் குறைக்க எண்ணிற்று. வெளிநாட்டமைச்சின் அதிகாரி ஒருவரைப் 'புஷ்' மாளிகையில் அமர்த்திற்று. அதே வேளையில் சைப்பிரசிலிருந்த வேறோர் அரபு நிலையத்தை அரசாங்கமே நேரிற் கைப்பற்றித் தன் குரலாக்க முயன்றது. அங்குப் பணிபுரிந்த அரபு அலுவலர் பலர் விலகினர். கேட்போர் நம்பிக்கையும் அவர்களோடு சென்றது. 1926 இல் சேர்ச்சில் வேண்டிய வழியின் விளைவு யாதாகும் என்பதற்கு இது தக்க விடை.

1926 இல் மக்டொனால்ட் அவர்களுக்கு மூடப்பட்ட கதவு 1956 இல் கெயிற்ஸ்கெல் அவர்களுக்குத் திறந்தது ஏன்? மனிதரின் துணிவு வேறுபட்டது என்பது பாதி விடையே. சூயஸ் பூசல் பாராளுமன்றத்தின் இரு பக்கங்களுக்கிடையே நிகழ்ந்தது. அங்கே துலாக்கோலின் இரு தட்டுக்களும் முன்னரே தூக்கப்பட்டிருந்தன. நிலையத்தார் நாவைப் பிடித்தாற் போதுமாயிருந்தது. 1926 இன் பூசலோ, பாராளுமன்றத்துக்கு வெளியே, சுரங்க வாயிலிலும் புகைவண்டி நிலையத்திலும் நிகழ்ந்தது. அங்கே எதிர்த்தட்டில் நின்றவரைத் தட்டிலேயே ஏற்றுவதா என்பது வினாவாயிற்று. இத்தகைய வானொலியின் சார்பு பெரும்பாலும் இன்ன கட்சிக்கு என்பதிலும், அவையில் இருக்கை பெற்றவர்க்கு என்பதே வரலாற்றுக்குப் பொருந்துகின்றது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தபோது, வழக்காட வருவோரை மன்றுக்குள் விடுவதா என்ற வினா அவருக்கு எழுந்திராது.

பின்வந்த காலமும் இதனை மறுக்கவில்லை. கூட்டுத்தாபனத்தில் பணி நாடியோர் பலரின் அரசியலை இரகசியப் பொலிசார் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்தனர் என்பதை 1985 இல் 'ஒப்சேவர்' பத்திரிகை வெளியிட்டது. 1988 ஒக்டோபரில், வட அயர்லாந்தின் சின் பெய்ன் முதலிய இயக்கத்தார் பேசுவதை ஒலிபரப்பலாகாதென அரசாங்கம் தடைவிதித்தது. அனுமதிப்பத்திரத்தில் அரசாங்கம் ஆதியிலிருந்தே ஒதுக்கிவைத்த அதிகாரமே அதற்குத் துணை. அவர்கள் கூறியதை நடிகர் குரலிற் சொல்வித்து, அத்தடையை நிலையத்தார் 1994 வரை நகைப்புக்கிடமாக்கினர். 2003 மே 29 ஆந் திகதி காலை வானொலிச் செய்தி நிகழ்ச்சியொன்றில், ஈராக் பற்றிய அரசாங்க ஆவணம் மிகைப்படுத்தப்பட்டதென நிருபர் ஒருவர் கூறினார். 2004 ஜனவரியில் வெளியான ஹட்டன் பிரபுவின் அறிக்கை அரசாங்கத்தைக் குற்றமற்றதாக்கிக் கூட்டுத்தாபனத்தைக் கண்டித்தது. அதன் தலைவரும் பணிப்பாளர் நாயகமும் பதவி துறந்தனர். அவ்வாண்டு யூலையில் பட்லர் பிரபுவின் அறிக்கையோ, அவ்வாவணத்திலும் குறை கண்டது.

கூட்டுத்தாபனம் என்னும் வடிவம் 1967 ஜனவரியில் இலங்கைக்கும் வந்தது. ஆயினும் போர்க்காலத்தில் வடபுலத்துத் தமிழ் மக்கள் செய்திக்கு நாடியது பெரிதும் இலண்டனையே. 1941 இல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு, 'தமிழோசை' என்னும் பெயரால் அவர்களுக்கு மாலைதோறும் வந்துசேர்ந்தது. 1990 இன் பின் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றிப் பெட்டியை இயக்கிக் கேட்டவர் பலர். அவ்வானொலிச் சேவை 2017 ஏப்ரில் 30 ஆந் திகதியுடன் நின்றது. அதற்கான பணத்தை 2014 வரை கொடுத்துவந்தது, சூயஸ் நாட்களில் 'புஷ்' மாளிகைக்குத் தன் அதிகாரியை அனுப்பிய அதே வெளிநாட்டமைச்சு.